இலவசத் தோசையும் ஐதராபாத் விமானமும்

பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. கொஞ்ச தூரம் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடலாம். கண்டக்டரைத் திட்டலாம். அடுத்த பஸ்ஸில் ஏறி அந்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுகூட நம்பலாம். விமானத்தைத் தவறவிட்டவனுக்கு அதெல்லாம் கிடையாது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைத் திறந்தபடி நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. நான் அப்படி நின்றபோது என் வாய்க்குள் பாதி குலோப் ஜாமூன் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குமாரபாளையத்தில் துண்டும் லுங்கியும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் பில் போடும் வேலை. சங்ககிரியில் வாடகை வீடு. அடுத்த தெருவில் மாமனார் வீடு. (அடுத்த தெரு என்பது நான் தேர்ந்தெடுத்ததல்ல. என் மனைவி கவிதா தேர்ந்தெடுத்தது.) வாழ்க்கை இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த கிரெடிட் கார்டு வந்தது.

ஒரு பெண் போன் செய்தாள். என்னைப் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வங்கி ஒரு கார்டு தருகிறது என்றாள். என்னை அதுவரை எதற்கும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கபடி அணிக்கு ஆள் எடுத்தபோதுகூட என்னை விட்டுவிட்டு, ஊருக்கு வந்திருந்த ஒருவனின் சித்தி மகனைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. பளபளவென்று கறுப்பு நிறம். சட்டைப் பையில் வெளியே கொஞ்சம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். (கழுத்துல மாட்டிக்க ஒரு ஓட்டை போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.)

கார்டு வந்தபிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியத்தின் பெயர் பாயிண்ட். கார்டைத் தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் சேரும், பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட் கிடைக்கும் என்று செல்போன் செயலியில் போட்டிருந்தது. அன்றிலிருந்து யார் எந்தக் கடையில் பணத்தை எடுத்தாலும் நான் குறுக்கே விழுந்தேன். "ரொக்கத்த என்கிட்டக் குடுங்க, நான் தேய்க்கறேன்." எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுக்கு மூட்டை மூட்டையாகத் தீவனம் தேய்த்தேன். கம்பெனியில் உடன் வேலை பார்ப்பவரின் தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவைகள் தேய்த்தேன். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டு, அவர் என்னைத் திருடன் என்று நினைத்துப் பர்சைக் கையால் மூடிக்கொண்டதும் உண்டு.

நான் தேய்த்ததிலேயே பெரிய தேய்ப்பு என் மாமனாரின் லாரி டயர்கள்.

என் மாமனார் பெயர் அங்கமுத்து. இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். முடி நரைக்கிற வரைக்கும் தானே ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கப்புறம் மற்றவர்கள் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. டயர் கடையில் அவர் இடுப்பிலிருந்து ரொக்கத்தை எடுத்தபோது நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

"ரொக்கம் இருக்கறப்ப அட்டை எதுக்குங்க மாப்ள?"

"பாயிண்ட் வருமுங்க மாமா."

"அத வெச்சு என்னங்க பண்றது?"

"பிளேன்ல போலாமுங்க."

அவர் டயரை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "டயர் வாங்குனா பிளேன்ல கூட்டிட்டுப் போறானா? அப்ப டயர் வெலையில ஏதோ எச்சா வெச்சிருக்கறான்" என்றார். இருந்தாலும் மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று ரொக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த ரொக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து பில் வந்ததும் கட்டிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் மற்றவர்களின் ரொக்கம் என் பர்சுக்குள் கொஞ்ச நாள் இருந்ததும் அது என் பணம் போலவே நடந்துகொள்ள ஆரம்பித்தது. அத்தோடு மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால்தான் விமான நிலையத்து லவுஞ்சுக்குள் விடுவோம் என்று கார்டில் ஒரு நிபந்தனையும் இருந்தது. லவுஞ்ச் என்றால் பயணிகள் உட்கார்ந்து வேண்டியதைச் சாப்பிடுகிற சொகுசு அறை. இரண்டு ரூபாய்க்குத் தேய்த்துவிட்டு வயிறு முட்டச் சாப்பிடலாம். அந்த இரண்டு ரூபாய்ச் சாப்பாட்டுக்குத் தகுதி பெறுவதற்காக எண்ணெய் இல்லாமல் வடை சுடும் பெட்டி ஒன்றும், கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்றும், ஓடாமலே நின்ற இடத்தில் ஓடும் மெஷின் ஒன்றும் வாங்கினேன்.

பில் வந்தது. அதில் மொத்தத் தொகைக்குக் கீழே, குறைந்தபட்சம் இதைக் கட்டினால் போதும் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுசாகத் தர வேண்டாம், இருப்பதைக் கொடுங்கள் என்று பெற்ற தகப்பன்கூடச் சொல்ல மாட்டான். இது எவ்வளவு தங்கமான வங்கி. அதைக் கட்டினேன். அடுத்த மாதமும் அதையே கட்டினேன். மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தத் தங்கம் சின்ன எழுத்தில் சொல்லியிருந்தது. எனக்குச் சின்ன எழுத்தை வாசிக்கும் வழக்கமில்லை. கவிதாவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. (கெட்டது சொல்லி மனசக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு ஒரு நல்லெண்ணந்தான்.)

இந்தச் சமயத்தில்தான் கவிதாவின் அக்கா சுதாவுக்கு வளைகாப்பு வந்தது. சுதா புருஷனோடு ஐதராபாத்தில் இருந்தாள். வண்டியில் தூரம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விசேஷத்தை அங்கேயே வைத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து அம்மா வந்து முதல் வளையலைப் போட வேண்டும். காலையில்தான் நல்ல நேரம் என்பதால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். மாமனார் ரயிலுக்குச் சொல்லிவைக்கக் கிளம்பினார். நான் மறித்தேன்.

"மாமா, நாம நாலு பேரும் பிளேன்ல போறோம்."

பாயிண்டில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. மற்ற இரண்டையும் அதே கார்டில் தேய்த்தேன். எங்கள் நாலு பேருக்கும் அதுதான் முதல் விமானம். தெருவே வந்து வழியனுப்பியது. மாமியார் சரஸ்வதி அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வளையல்களையும் பட்டுப்புடவையையும் பலகாரங்களையும் ஒரு பெரிய சிவப்புப் பையில் வைத்துக் கட்டினார். வாடகைக் காரில் கோயமுத்தூர் விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் நான் லவுஞ்சின் பெருமையையே பேசிக்கொண்டு வந்தேன். பெருந்துறை தாண்டுவதற்குள் அத்தைக்குப் பசி வந்துவிட்டது.

"வெளிய எதும் திங்காதீங்க அத்த. அங்க எல்லாம் இனாம்" என்றேன்.

"இனாமாவா? நம்ம எல்லாத்துக்குமா?" என்றார் மாமனார்.

"எல்லாத்துக்குந்தானுங்க மாமா."

சிவப்புப் பையை ஒப்படைத்து, சோதனையெல்லாம் முடித்து, லவுஞ்ச் வாசலுக்கு வந்தோம். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கார்டை, விரலிடுக்கில் பிடித்து, ஒரு ஜமீன்தாரைப் போல நீட்டினேன். அவள் சிரித்தபடி சொன்னாள்.

"மோகன் சார், உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் ஃப்ரீ. மத்த மூணு பேருக்கும் சார்ஜ் ஆகும்."

ஆளுக்கு அவள் சொன்ன தொகையில் எங்கள் ஊரில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை வாங்கலாம். திரும்பிப் பார்த்தேன். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்பதுபோல முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார். மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தது அதுதான் முதல் தடவை.

"தேய்ச்சுக்கங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. கார்டில் மிச்சமிருந்த தொகையைப் பார்த்தேன். ஒரு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கலாம். வெளி விலைக்கு.

இங்கேதான் நான் மனிதப் பிறவியிலிருந்து வேறொன்றாக மாறினேன். மூன்று சிப்பம் அரிசிக்குப் பணம் போயிருக்கிறது. அதை நாலு வயிறுகளில் ஏற்றாமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்தேன். உள்ளே தோசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இடியாப்பம், பூரி, நூடுல்ஸ், கேக், பெயர் தெரியாத வெள்ளையாக ஒன்று, குலோப் ஜாமூன் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் தட்டு தட்டாகக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினேன்.

"போதுமுங்க மாப்ள" என்றார் அத்தை.

"என்னத்த போதும்? இன்னொரு தோச தின்னுங்க அத்த."

"நெஞ்சு வரைக்கும் இருக்குது சாமி."

"அப்ப ஜூஸ் குடிங்க. கீழ எறங்கிரும்."

மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. அவர் தட்டில் இரண்டு கேக்கை வைத்தேன். அவர் அதை என் தட்டுக்கு மாற்றினார். நான் தின்றேன். நடுவில் அத்தை இரண்டு கையிலும் தட்டோடு நின்றதைப் படம் எடுத்து, மொறுமொறுவென்று ஆளுயரத் தோசையோடு நான் நிற்கும் படத்தையும் சேர்த்து, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, ‘ஏர்போர்ட் விருந்து. செலவு ரெண்டே ரூபாய்’ என்று எழுதினேன்.

"ஏனுங்க மாப்ள, பிளேனுக்கு நேரமாகலீங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"மைக்குல கூப்புடுவாங்க மாமா. நம்ம பேரச் சொல்லியே கூப்புடுவாங்க."

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ்ஸுக்கே தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். விமானத்துக்குக் கூப்பிடாமல் இருப்பார்களா. கவிதா இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எதுக்கும் போயிப் பாக்கலாமுங்களா?" என்றாள். "நீ மொதல்ல அந்தப் பூரிய முடி" என்றேன்.

நான் கடைசி ரவுண்டுக்கு ஜாமூன் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, கவிதா மேசை மேலிருந்த ஒரு சின்ன அட்டையைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதன்மேல்தான் சட்னிக் கிண்ணத்தை வைத்திருந்தேன்.

"ஏனுங்க."

"ம்."

"இந்த ரூம்புல விமான அறிவிப்பு எதுவும் வராதாமா. நாமளே நேரத்தப் பாத்துக்கோணுமாமா. எழுதியிருக்குதுங்க."

நான் செல்போனில் மணியைப் பார்த்தேன். அப்புறம் டிக்கெட்டைப் பார்த்தேன். மறுபடி மணியைப் பார்த்தேன். ஜாமூனை வாயில் போட்டது அந்தக் கணத்தில்தான். எதற்குப் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பணம் கொடுத்தது வீணாகக் கூடாதென்று கை தானாகச் செய்த வேலையாக இருக்க வேண்டும்.

ஓடினோம். முன்னால் கவிதா, அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தை, அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டியபடி மாமனார். கடைசியில் நான். வாடகைக்கு எடுத்த வயிற்றைச் சுமந்துகொண்டு ஓடுவதுபோல இருந்தது. எங்கள் விமானத்துக்குப் போகும் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். நின்றிருந்த பெண் எங்கள் நாலு டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, "உங்களத்தான் சார் இவ்வளவு நேரம் தேடினோம். கேட் மூடியாச்சு" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. போய்விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"அதா நிக்குதே சாமி. கதவத் தட்டுனாத் தொறக்க மாட்டாங்களா?" என்றார் அத்தை.

அப்போது விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு ஆள் சிவப்பாக எதையோ இறக்கினார்.

"அது நம்ம பையிதான?" என்றார் மாமனார்.

ஆள் ஏறாவிட்டால் அவருடைய பையையும் இறக்கிவிட வேண்டும் என்று அந்தப் பெண் விளக்கினாள். மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "பைய எறக்கறதுக்கு நேரமிருக்குது. எங்கள ஏத்தறதுக்கு நேரமில்லீங்களா?"

விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, திரும்பி, போனது. அத்தை அழ ஆரம்பித்தார். "என்ற புள்ளைக்கு மொத வளையல் போட ஆளில்லையே" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு நடந்தது உறைத்தது. அதுவரை நான் அரிசிச் சிப்பத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காவலர் எங்களை வந்த வழியே வெளியே கூட்டிக்கொண்டு வந்து, இறக்கிய சிவப்புப் பையையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வந்த வழியே திரும்பிப் போகிறவர்களை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வெளியே விமானக் கம்பெனியின் கவுண்டரில் விசாரித்தேன். சென்னை போய் மாறிப் போகிற விமானம் ஒன்று இருந்தது. நாலு இடம் இருந்தது. விலையைக் கேட்டதும் மாமனார், "இதுல லாரிக்கு ஒரு இஞ்சினு வேலையே பாத்துரலாம்" என்றார்.

"நான் பாத்துக்கறேன் மாமா" என்று கார்டை நீட்டினேன். ஏன் நீட்டினேன். அதில் டீயும் போண்டாவும் வாங்கத்தான் காசிருக்கிறது என்று எனக்கே தெரியும். ஆனால் மாமனார் முன்னால் நிற்கிற மருமகனின் கை அவன் பேச்சைக் கேட்பதில்லை. வங்கியும் மனமிரங்கிக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் என்று நம்பினேன். தங்கமான வங்கியாயிற்றே.

மெஷின் ஒரு மாதிரிக் கத்தியது. கவுண்டர்க்காரர் இன்னொரு தடவை தேய்த்தார். அது அதே மாதிரிக் கத்தியது.

"லிமிட் இல்ல சார்."

"லிமிட்டுன்னா என்னங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"அதுல இருந்த பணம் தீந்து போச்சுங்க மாமா."

"என்னத்துல தீந்துச்சு?"

"உங்க டயர்லதானுங்க."

"டயருக்கு நாந்தான் ரொக்கமாக் குடுத்தனே."

கவிதா என் கையிலிருந்த செல்போனை வாங்கினாள். செயலியைத் திறந்தாள். அவள் பி.காம். படித்தவள். சின்ன எழுத்தையும் வாசிப்பவள். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தீவனம், பட்டுப்புடவை, டயர், வடைப் பெட்டி, ஓடும் மெஷின். எல்லாவற்றுக்கும் கீழே மொத்தமாக நின்றது வட்டியோடு சேர்ந்த தொகை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கோழித் தீவனத்துக்குக்கூட அவங்க காசு குடுத்திருப்பாங்களே. அதெல்லாம் எங்கீங்க?"

"செலவாயிருச்சு."

"எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். எதற்கென்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளிலேயே பெரியது அதுதான். விமானம் போனதற்காவது ஒரு காரணம் இருந்தது, தோசை. பணம் போனதற்கு அதுகூட இல்லை.

மாமனார்தான் சிவப்புப் பையைத் தூக்கித் தோளில் போட்டார். "வாங்க. ரோட்டுல போலாம். ரோடு நம்மள உட்டுட்டு எங்கயும் போயிராது."

எங்களை இறக்கிவிட்ட கார் டிரைவர் மாதுவுக்குப் போன் செய்தார். அவர் அவிநாசி பக்கம் காரிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து எங்களைப் பார்த்ததும் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "ஐதராபாத் போயிட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

மாமனார் சிவப்புப் பையை டிக்கியில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினார்.

ஐதராபாத்துக்குப் போகிற சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். சங்ககிரி மலை தெரிந்ததும் அத்தை மெதுவாக, "இவ்வளவு தூரம் வந்துட்டோம். ஒரு எட்டு ஊட்டுக்குப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போயிரலாமா?" என்றார். காலையில் கையசைத்து விமானத்துக்கு அனுப்பிவைத்த தெருவுக்குள், பொழுது சாய்வதற்குள் அதே காரில் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாமுங்க அத்த" என்றேன். காரில் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். பெட்ரோல், சுங்கச்சாவடி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மாமனார் இடுப்பிலிருந்து ரொக்கம் எடுத்தார். சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது நான் இறங்கவில்லை. பெங்களூரு தாண்டி மாது கண்ணைக் கசக்கியதும் மாமனார் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். தான் லாரி ஓட்டிய சாலையில் அவர் வழி கேட்காமல் ஓட்டினார்.

நல்ல நேரம் முடியச் சற்று முன்பு போய்ச் சேர்ந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். சுதா மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கலைந்த தலையும் கசங்கிய புடவையுமாக ஓடிப் போய் முதல் வளையலைப் போட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் தூணோரம் நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. (பாதிக்கு மேல வயித்துவலி.)

சுதாவின் மாமியார் வந்து மாமனாரிடம் விசாரித்தார். "ஏனுங்க சம்பந்தி, பிளேனுக்கு என்னாச்சுங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பிளேன்ல ஏதோ ரிப்பேருங்க. எடுக்க முடியாதுன்னுட்டாங்க."

அந்த மனுஷன் பொய் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்காகப் பேசினார். காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. விழுந்திருப்பேன், குனிய முடிந்திருந்தால்.

சுதாவின் மாமியார் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "போட்டோ பாத்தமுங்க. தோச நல்லா முறுகலா இருந்தாப்பல இருந்துச்சு."

அவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. படம் போன நேரமும் நாங்கள் விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய நேரமும் ஒன்று என்பதை அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். எருமப்பட்டியிலிருந்து பெரியப்பா மகன், ‘தோசை ஏறிருச்சு, தம்பி ஏறலியா?’ என்று கேட்டு எழுதியிருந்தான். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் திரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

ஊர் திரும்பியதும் கவிதா கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். ஓடும் மெஷினை விற்றாள். கால் பிடிக்கும் மெஷினைப் பாதி விலைக்கு விற்றாள். வடைப் பெட்டியை யாரும் வாங்கவில்லை. மிச்சக் கடனை வங்கியில் பேசி மாதத் தவணையாக மாற்றி, என் சம்பளம் வந்த அன்றைக்கே அவள் கையால் கட்டினாள். தவணை நீண்டுகொண்டே போனது. மாமனார் டயர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, லாரிக்குப் புது டயர் போட்டுவிட்டு வந்த அன்று மட்டும், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த டயரெல்லாம் ஓடித் தேஞ்சே போச்சுங்க மாப்ள. அதோட கடன் மட்டும் இன்னும் புதுசாவே இருக்குதாட்டிருக்குது."

கடன் ஒருவழியாகத் தீர்ந்தது. கேலி மட்டும் தீரவில்லை. போன மாதம் குமாரபாளையத்தில் ஒரு கல்யாணம். குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது தடவையாகப் பாயசத்துக்குக் கை நீட்டினேன். சுதாவின் மகள் யாழினி, இன்னும் பள்ளிக்கூடம்கூடச் சரியாகப் போகாதவள், பந்தியின் நடுவில் வந்து நின்று வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு, மூக்கால் ராகம் போட்டு அறிவித்தாள்.

"ஐதராபாத் செல்லும் மோகன் சித்தப்பா, எங்கிருந்தாலும் உடனே வரவும். இது கடைசி அழைப்பு."

பந்தி முழுதும் சிரித்தது. பரிமாறுகிறவர் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து இலையில் இருந்த மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுந்து என் தோளைத் தொட்டார்.

"நாங்க ஏறிக்கறோமுங்க மாப்ள. நீங்க பொறுமையாச் சாப்புட்டு வாங்க."